வம்பு

நூற்றாண்டு விழாவுக்கு ஆளுக்கொரு புத்தகம் தந்தார்கள்.
பளபளத்த தாள், முப்பத்திரண்டு பக்கம்,
கூடவே ஒரு கோழி சாண்ட்விச்.
மொன்றியல், ஷபனேல் தெரு, ஏழாவது மாடி.
ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகவே பனி பிடித்திருந்தது.

எனக்குப் பிரெஞ்சு அரைகுறை.
மேற்பார்வையாளர் தெரோஷேயின் ஏச்சு மட்டும் முழுதாய்ப் புரியும்.
என்றாலும் படித்தேன், மதிய இடைவேளைகளில்,
கொழுக்கி தைக்கும் மெஷினில் சாய்ந்து
மடியில் அகராதியோடு.

1894. லியோன் நகரம்.
மருந்துக்கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் லெயொந்தின் ஓப்ரெல்.
திமிங்கில எலும்பு, பருத்திக் கயிறு.
முதல் கச்சு பேக்கரிக்காரன் மனைவிக்கு,
கடனுக்கு.
கடன் அடைந்ததா என்று புத்தகம் சொல்லவில்லை.

1916. இரும்பெல்லாம் போர்முனைக்குப் போயிற்று.
ஓப்ரெல் அம்மையார் கட்டுத்துணி தைத்தாராம்,
இடுப்புக்கு வெட்டிய அதே நாடாவில்
காயங்களுக்கு.
இந்த வரியைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது.

1931. மகன்.
மகன் வந்ததும் படங்கள் பெரிதாகின்றன.
ரப்பர் இழை, பிறகு நைலோன்,
பெட்டியின் மேல் ஒரு சின்ன அன்னப்பறவை.
1958. அன்னம் கப்பலேறி இங்கே வருகிறது.

பக்கம் இருபத்தேழு, 'எங்கள் கைகள்' என்று தலைப்பு.
கைகளைக் காணோம்.
வரிசையாய் முதுகுகள்.
இடமிருந்து மூன்றாவது நான்.
மகனுக்குக் காட்டினேன், நம்பவில்லை.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு கொழுக்கி,
பதினொரு வருசம்,
பெருக்கிப் பார்க்கப் பயம்.

யாழ்ப்பாணத்தில் நான் தமிழ் சிறப்புப் பாடம்.
நிகண்டில் வம்பு என்றால் கச்சு.
விரிவுரையாளர் அந்தச் சொல்லுக்கு வந்ததும்
வேப்பமரத்தைப் பார்த்து 'அடுத்தது' என்றார்.
முன்வரிசைப் பெண்கள் நாங்கள்
அடுத்ததற்குப் போகவேயில்லை.
இப்போது மணிக்கு ஏழு டொலருக்கு
வம்பு தைக்கிறேன்.

லிஃப்ட் வாசலில் அம்மையாரின் படம் தொங்குகிறது.
புத்தக அட்டையும் அதேதான்:
கதிரையின் முதுகைப் பிடித்தபடி, கறுப்புச் சட்டையில்,
கீழே 'நிமிர்வின் தாய்' என்று பொன்னெழுத்து.
தினமும் அதற்குக் கீழே நின்று சப்பாத்துப் பனியை உதறியிருக்கிறேன்.
நேற்றுத்தான் பார்த்தேன்.

கச்சு கட்டினால் துணி விலாவில் இழுபடும்,
பக்கத் தையல் கோடு போட்டதுபோல் இறங்கும்,
மூச்சு தோளுக்கு ஏறும்.
இங்கே துணி இடுப்பில் சோம்பலாய் மடிகிறது,
வயிறு தன்பாட்டில் இருக்கிறது,
தோள்கள் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

'பிலொமேனா, இஞ்ச வா.'
நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினாள்.
இருபது வருசம் கப் வெட்டுபவள், விரலால் ஒருமுறை தடவினாள்,
போர்த்துக்கீசில் ஒரு சொல் சொன்னாள்,
தேவாலயத்தில் சொல்லக்கூடாதது.

அவள் போட்டிருக்கவில்லை.
லியோனின் இடுப்புகளையெல்லாம் இழுத்துக் கட்டியவள்
படம்பிடிக்கிற நாளில்
போட்டிருக்கவில்லை.

சிரித்தோம்.
பிலொமேனாவின் மடியிலிருந்து பாபின் விழுந்து உருண்டு
தெரோஷேயின் சப்பாத்தில் முட்டும்வரை சிரித்தோம்.
என்ன அங்கே என்றார்.
'ஒன்றுமில்லை முசியோ, வரலாறு' என்றேன்.
என் பிரெஞ்சு அன்றைக்குப் பிழையில்லாமல் வந்தது.

இரவு ஐம்பத்தைந்தாம் இலக்க பஸ், கடைசி இருக்கை.
நான் போட்டிருந்தது ஓப்ரெல் இல்லை,
ழான்-தலோனில் மூன்றுக்குப் பத்து டொலர்.
கையுறையைக் கழற்றினேன்.
கோட்டுக்குள், ஸ்வெட்டருக்குள் கைவிட்டு,
பின்னால் எட்டி,
ஒவ்வொன்றாய்.

இன்றைய ஆயிரத்து இருநூறில்
மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.